பசிபிக் தீவான தஹிட்டியின் அரசர் இரண்டாம் பொமாரே மனம் மாறித்தான் கிறிஸ்தவர் ஆனாரா, இல்லை எல்லாம் அரசியல் கணக்கா?

அரசியல் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெறும் அரசியல் என்று சொல்கிறவர்கள் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் மிஷனரி சங்கத்தாரை ஏற்றிக்கொண்டு 'டஃப்' கப்பல் தஹிட்டியின் மட்டவாய் விரிகுடாவுக்கு வந்தது 1797 மார்ச்சில். (எங்கள் நாகர்கோவில் பக்கம் பெரியவர்கள் 'எல்.எம்.எஸ்.' என்பார்களே, அதே சங்கம்தான். அதன் பாதிரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806ல்.) தஹிட்டியில் முதல் பதினைந்து வருடம் அவர்கள் பேச்சு எடுபடவே இல்லை. பொமாரே அப்போது ஓரோ என்ற போர்த் தெய்வத்தின் தீவிர பக்தர். தஹிட்டியில் பெருந்தலைவனாக இருப்பதற்குப் பரம்பரை மட்டும் போதாது. 'மாராயே' என்கிற கல்மேடைக் கோயிலில் சிவப்பு இறகு வைத்த அரைக்கச்சையைக் கட்ட வேண்டும், ஓரோ தன் பக்கம் இருப்பதாக ஊர் நம்ப வேண்டும். அதனால்தான் 1802ல் தீவின் அத்தேஹுரு பகுதி மக்களிடமிருந்து ஓரோவின் உருவைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டு போனார். அதற்காக ஒரு போரே நடந்தது. நரபலியும் குறையவில்லை.

1808ல் எதிரணித் தலைவர்கள் கிளம்பினார்கள். பொமாரே தோற்று, பக்கத்துத் தீவான மூரியாவுக்கு ஓடினார். பாதிரிகளில் பெரும்பாலோர் சிட்னிக்குப் போய்விட்டார்கள். ஹென்றி நாட் போன்ற ஓரிருவர் மட்டும் போகாமல் இருந்தார்கள்.

இப்போது பொமாரேயின் இடத்திலிருந்து பாருங்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தும் தெய்வம் கைவிட்டுவிட்டது. 1812ல் ஞானஸ்நானம் கேட்கிறார். அந்த வருடத்தில் பாதிரிகளால் அவருக்கு என்ன தந்திருக்க முடியும்? படை இல்லை, பணம் இல்லை. துப்பாக்கி வேண்டுமென்றால் பன்றி இறைச்சி வாங்க வரும் சிட்னி வியாபாரிகள் தருவார்கள், அதற்கு ஜெபம் தேவையில்லை. லாபக் கணக்கு போடுகிறவர் அந்த நேரத்தில் ஓரோவின் பூசாரிகளைப் பகைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆமை விஷயத்தைத்தான் நான் எப்போதும் சொல்வேன். தஹிட்டியில் ஆமை புனிதமானது. பிடித்தால் மாராயேக்குக் கொண்டுபோய், தெய்வத்தின் பங்கைக் கொடுத்த பிறகுதான் அரசர் வாய் வைக்கலாம். பொமாரே அதை நேராக அடுப்புக்கு அனுப்பச் சொன்னார். சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட இருந்த யாரும் தொடவில்லை, தெய்வம் என்ன செய்யப் போகிறதோ என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை. இதை நாடகம் என்று சொல்லலாம்தான். ஆனால் தோற்றுப்போய் ஒதுங்கியிருக்கிறவன், தன் ஆட்களுக்கே பிடிக்காத ஒன்றைச் செய்துகாட்டுவது ரொம்ப ஆபத்தான நாடகம்.

1815 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் தஹிட்டிக்குத் திரும்பியிருந்த பொமாரேயின் ஆட்கள் வழிபாட்டில் இருக்கும்போது எதிரணி தாக்கியது. ஃபேய் பீ போர் என்பது இதுதான். எதிரணியை நடத்திய பாப்பாரா பகுதித் தலைவர் ஓப்புஹாரா விழுந்தார். பொமாரே ஜெயித்தார். பழைய வழக்கப்படி அடுத்து நடக்க வேண்டியது துரத்திக் கொல்வதும் ஊரைக் கொளுத்துவதும். ஓடுகிறவர்களைக் கொல்லக் கூடாது, பெண்களையும் குழந்தைகளையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தோற்றவர்களில் பலரை அவர் பக்கம் திருப்பியது இதுதான் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. தவுத்திரா என்ற ஊரில் இருந்த ஓரோவின் உருவை எடுத்து வந்து அரசரின் சமையலறையில் கம்பமாக நட்டு, சாப்பாட்டுக் கூடைகளை அதில் தொங்கவிட்டார்கள். கடைசியில் விறகாகப் பிளந்தார்கள்.

இதற்குப் பிறகு அரசியல் வெளிப்படையாகவே வருகிறது. 712 அடி நீளத்தில் ஒரு தேவாலயம் கட்டினார். மூன்று பிரசங்க மேடை, மூன்று பேர் ஒரே சமயத்தில் பிரசங்கம். நடுவில் ஓடின ஓடையைத் திருப்ப முடியாமல் கட்டடத்துக்குள்ளேயே ஓடவிட்டார்கள். இவ்வளவு பெரிய கட்டடம் பக்திக்கு மட்டும் இல்லை, பழைய மாராயேக்களைவிட என்னுடையது பெரிது என்று காட்டவும்தான். 1819 மே மாதம் சட்டத் தொகுப்பும் வந்தது, சில நாளில் ஞானஸ்நானமும் ஆனது. கேட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அவருடைய குடியையும் நடத்தையையும் பார்த்துப் பாதிரிகளே தயங்கினார்கள். குடியை அவர் கடைசிவரை விடவில்லை. 1821 டிசம்பரில் இறந்தார். அதே மனிதர்தான் லூக்கா சுவிசேஷத்தைத் தஹிட்டி மொழியில் பெயர்க்க ஹென்றி நாட் பாதிரியுடன் உட்கார்ந்து உழைத்தவரும்.

ஒரு எச்சரிக்கை: நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பாதிரிகள் எழுதியது. ஓப்புஹாராவின் வம்சத்தார் சொன்ன கதையில் பொமாரே குடும்பம் வெள்ளைக்காரர் துணையோடு மேலே வந்த புதுப் பணக்காரர்கள் மாதிரித்தான் தெரியும். அதையும் சேர்த்தே படியுங்கள்.

அப்புறம், "அரசன் மாறினான், குடிகள் பின்னால் போனார்கள்" என்பதும் முழுக்கச் சரியில்லை. 'பூரே ஆத்துவா', அதாவது ஜெபம் பண்ணுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் போருக்கு முன்பே இருந்தது. மூரியாவின் பூசாரி பாத்தீயீ 1815 தொடக்கத்திலேயே எல்லார் முன்னாலும் தன் தெய்வ உருவங்களை நெருப்பில் போட்டுவிட்டார். அதே வருடம் ஜூலையில் தஹிட்டியில் இருந்த அந்தக் கூட்டத்தை ஒரேயடியாகக் கொன்றுவிட எதிரணித் தலைவர்கள் திட்டமே போட்டார்கள். செய்தி முன்னாடியே கசிந்ததால் படகேறி மூரியாவுக்குத் தப்பினார்கள். அப்போது தஹிட்டி பொமாரேயின் கையில் இல்லை. அங்கே ஜெபம் பண்ணி அரசரிடம் நல்ல பேர் வாங்க வழியே கிடையாது.