திடீரென்று முளைத்த டிவிடி டிரைவ்: கேள்வி பதில்

'திஸ் பிசி'யைத் திறந்தால் நேற்று வரை இல்லாத ஒரு டிரைவ் நிற்கிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது, எப்படி எடுப்பது என்ற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். விண்டோஸ் 10, 11 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறென்றால் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பதில் வரும்வரை யாரும் எதையும் ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

கேள்வி: என் லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது சார். ஆனால் 'டிவிடி டிரைவ் இ' என்று ஒன்று வந்திருக்கிறது. உள்ளே 'செட்டப்' என்று ஒரு ஃபைல். வைரஸா?

பெரும்பாலும் இல்லை. டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு சிடி அல்லது டிவிடியின் முழு நகல்) ஒன்றை இரட்டை கிளிக் செய்திருப்பீர்கள். விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓவை இரட்டை கிளிக் செய்தாலே விண்டோஸ் அதை ஒரு டிவிடி போலக் காட்டும். அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுங்கள், போய்விடும். ஐஎஸ்ஓ ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும், அழியாது.

எந்த ஐஎஸ்ஓ என்று தெரியவில்லையா? இஜெக்ட் கொடுப்பதற்கு முன்னால் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து 'கெட்-டிஸ்க்இமேஜ் -டிவைஸ்பாத் \\.\சிடிராம்0' என்று அடியுங்கள். வரும் விவரத்தில் 'இமேஜ்பாத்' என்ற வரியில் ஃபைல் இருக்கும் ஃபோல்டர் முழுதாகத் தெரியும். கடைசியில் உள்ள எண் 0ஆ 1ஆ என்பதை டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பகுதியில் 'சிடி-ராம் 0' என்பது போல் எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுங்கள். எங்கிருந்து வந்த ஃபைல் என்று தெரியும்வரை அந்த 'செட்டப்'பைத் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் அதே பிரச்சினைதான். ஆனால் ரீஸ்டார்ட் செய்தாலும் போகவில்லை.

அப்படியென்றால் அது வேறு கதை. விண்டோஸே ஏற்றிய ஐஎஸ்ஓ ரீஸ்டார்ட்டில் காணாமல் போய்விடும். அதற்குப் பிறகும் நிற்கிறது என்றால் ஒரு மென்பொருளோ, யுஎஸ்பியில் செருகியிருக்கும் ஒரு பொருளோதான் காரணம். முதலில் யுஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது டிரைவ் மறைகிறதோ அதுதான் ஆள்.

எதைக் கழற்றியும் மறையவில்லை என்றால், விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே இருக்கும் பெயரே பாதி விடை. 'எச்எல்-டிடி-எஸ்டி' என்று தொடங்கினால் ஹிட்டாச்சி-எல்ஜி தயாரித்த நிஜ டிரைவ். 'டிஎஸ்எஸ்டிகார்ப்' என்றால் தோஷிபா-சாம்சங், 'மட்ஷிட்டா' என்றால் பானசோனிக். இவையும் நிஜம்தான், கேபினட்டின் முன்மூடிக்குப் பின்னால் டிரைவ் இருப்பதே தெரியாமல் பலர் வைத்திருக்கிறார்கள். 'எல்பி குளோன்டிரைவ்' என்றிருந்தால் விர்ச்சுவல் குளோன்டிரைவ், அதாவது மாய டிவிடி டிரைவை உருவாக்கும் மென்பொருள். 'டிடிசாஃப்ட் விர்ச்சுவல்' என்றால் அதே வகையைச் சேர்ந்த டீமன் டூல்ஸ்.

குளோன்டிரைவில் அமைப்புகளுக்குப் போய் டிரைவ் எண்ணிக்கையை 0 ஆக்கினால் போதும். டீமன் டூல்ஸ் என்றால் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரை மட்டும் நீக்கினால் அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது திரும்ப வந்துவிடும், ஏனென்றால் அதை உருவாக்கும் டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்) அப்படியே இருக்கிறது.

கேள்வி: டீமன் டூல்ஸை எடுத்தேன். இப்போது நிஜ டிவிடி டிரைவும் காணோம்! மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டு எரர் கோடு 39 என்கிறது.

இதுவும் பழகிய கோளாறுதான். இந்த வகை மென்பொருள்களும் பழைய சிடி ரைட்டிங் மென்பொருள்களும் டிவிடி டிரைவின் பாதையில் 'ஃபில்டர்' டிரைவர்களைச் செருகி வைக்கும். மென்பொருள் போன பிறகும் அதன் பெயர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) தங்கிவிட்டால், விண்டோஸ் இல்லாத டிரைவரைத் தேடித் தோற்று, டிவிடி டிரைவையே நிறுத்திவிடும். கோடு 19, 31, 32, 39, 41 என்று எது வந்தாலும் முதல் சந்தேகம் இங்கேதான்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். அங்கே 4டி36இ965 என்று தொடங்கும் ஃபோல்டர்தான் சிடி-ராமுக்கு உரியது. பக்கத்திலேயே 4டி36இ967 என்று தொடங்கும் ஃபோல்டர் ஹார்ட் டிஸ்குக்கு உரியது. அதில் கை வைத்தால் விண்டோஸே பூட் ஆகாமல் போகலாம். எண்ணை இரண்டு முறை பாருங்கள். முதலில் ரைட் கிளிக், 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகலை எடுத்து வையுங்கள். பிறகு வலப்பக்கம் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டில் ஒன்றுதான் இருந்தால் அதை மட்டும். டிரைவ் வந்துவிடும். சிடி ரைட்டிங் மென்பொருள் ஏதாவது அதன்பின் வேலை செய்யவில்லை என்றால் அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் சரி.

கேள்வி: புதிதாக வாங்கிய சின்ன யுஎஸ்பி வைஃபை டாங்கிளைச் செருகினால் சிடி டிரைவ் வருகிறது. வைஃபை வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

இல்லை. டாங்கிளுக்குள் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப் இருக்கிறது, அதில் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கிறது. செருகியதும் டாங்கிள் தன்னை சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். நீங்கள் அந்த சிடியிலிருந்து டிரைவரை இன்ஸ்டால் செய்ததும், அது சிடி வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபை ஆக மாறும். டிரைவர் சிடியைப் பெட்டியில் போட்டால் செலவு, போட்டாலும் செருக இன்றைய லேப்டாப்பில் இடமில்லை என்பதால் வந்த ஏற்பாடு. பழைய ஹுவாவே 3ஜி டாங்கிள்களில் 'மொபைல் பார்ட்னர்' என்று வந்ததும் இதேதான்.

டிரைவர் ஏற்கெனவே இருந்தால் அந்த சிடி டிரைவை இஜெக்ட் செய்து பாருங்கள். சில நொடிகளில் சிடி மறைந்து வைஃபை தலைகாட்டும். டாங்கிளின் சிப் எது என்று தெரிந்தால், சிடியில் இருப்பதை விட அந்த சிப் நிறுவனத்தின் புதிய டிரைவரைப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. சிடியில் உள்ளது பல சமயம் பல வருடம் பழையது.

கேள்வி: அதே டாங்கிள்தான், உபுண்டுவில். அங்கேயும் சிடி என்றுதான் காட்டுகிறது.

டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' அடியுங்கள். 0பிடிஏ:1ஏ2பி என்று ஒரு வரி இருந்தால் ரியல்டெக் சிப் சிடி வேடத்தில் இருக்கிறது. 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்துவிட்டு, 'சூடோ யுஎஸ்பி_மோட்ஸ்விட்ச் -கே -வி 0பிடிஏ -பி 1ஏ2பி' என்று கொடுங்கள். இதில் 'கே' மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறியவை. திரும்ப 'எல்எஸ்யுஎஸ்பி' அடித்தால் அந்த எண் மாறியிருக்கும். மாறிய பிறகும் வைஃபை வரவில்லை என்றால் அது டிரைவர் பிரச்சினை, டிரைவ் பிரச்சினை அல்ல.

கேள்வி: என் வெஸ்டர்ன் டிஜிட்டல் பாஸ்போர்ட் ஹார்ட் டிஸ்கைச் செருகினால் கூடவே 'டபிள்யூடி அன்லாக்கர்' என்று ஒரு சிடி வருகிறது. என் ஃபைல்களைக் காணோம்.

அந்த டிஸ்குக்கு யாரோ பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள். சிடியைத் திறந்து அன்லாக்கரை ஓட்டி பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் நிஜ டிரைவ் வெளியே வரும். பெட்டியை உடைத்து உள்ளிருக்கும் டிஸ்கைத் தனியாக மாட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த வகையில் பல மாடல்களில் குறியாக்கம் வன்பொருளிலேயே நடக்கிறது, வெளியே எடுத்தால் கிடைப்பது குப்பைதான்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 'எஃப்' என்று 450 எம்பி அளவில் ஒரு டிரைவ். எப்போது பார்த்தாலும் 'டிஸ்கில் இடமில்லை' என்று அறிவிப்பு. டெலிட் செய்யலாமா?

கூடாது. அது விண்டோஸ் பழுதானால் காப்பாற்றும் ரிகவரி பார்ட்டிஷன். எப்போதும் உங்கள் டிஸ்கில் இருந்ததுதான்; அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது, அதனால் கண்ணில் படவில்லை. 2018 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு ஏராளமான கம்ப்யூட்டர்களில் இதற்கு எழுத்து ஒட்டிக்கொண்டு இதே தொல்லை வந்தது. நிரம்பியிருப்பது அதன் இயல்பு. எடுக்க வேண்டியது எழுத்தை மட்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'டிஸ்க்பார்ட்' அடியுங்கள். அடுத்து 'லிஸ்ட் வால்யூம்'. வரும் பட்டியலில் எழுத்து, அளவு இரண்டையும் பார்த்து உங்கள் டிரைவின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது 4 என்றால் 'செலக்ட் வால்யூம் 4', பிறகு 'ரிமூவ் லெட்டர்=எஃப்', கடைசியில் 'எக்ஸிட்'. இடையில் 'கிளீன்' என்ற கட்டளையை மட்டும் தவறிக்கூட அடிக்காதீர்கள். அது மொத்த டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணையையும் துடைத்துவிடும், 'நிச்சயமா?' என்று கேட்கக்கூட செய்யாது. டிஸ்க்பார்ட்டே பயமாக இருந்தால் 'மவுன்ட்வால் எஃப்: /டி' என்ற ஒரே வரியிலும் எழுத்தை எடுக்கலாம்.

சிலருக்கு ரீஸ்டார்ட்டில் எழுத்து திரும்பி வரும். ஜிபிடி (டிஸ்கைப் பிரிக்கும் புதிய முறை) டிஸ்க் என்றால், அதே வால்யூமைத் தேர்ந்தெடுத்து 'ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ்=0எக்ஸ்8000000000000001' என்று கொடுங்கள். 8க்கும் 1க்கும் நடுவே 14 பூஜ்யம். முன்னால் உள்ள 8 'இதற்கு எழுத்து கொடுக்காதே' என்று விண்டோஸுக்குச் சொல்கிறது. கடைசி 1 'இது தேவையான பார்ட்டிஷன், அழிக்காதே' என்கிறது. பழைய எம்பிஆர் டிஸ்கில் இந்தக் கட்டளை செல்லாது. முடித்ததும் 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' அடித்து, ரிகவரி 'எனேபிள்டு' என்று வருகிறதா பாருங்கள்.

கேள்வி: கடையில் காட்டினேன். ஃபார்மேட் அடித்து விண்டோஸை மறுபடி போட்டால்தான் இந்த எஃப் டிரைவ் போகும் என்கிறார்.

மேலே சொன்னது ஐந்து நிமிட வேலை. வேண்டாம்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர். 'கியூ' என்று ஒரு டிரைவ், திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

ஆஃபிஸ் 2010ஐ 'கிளிக்-டு-ரன்' வகையில் போட்டிருப்பீர்கள். அது தனக்கென்று கியூவில் ஒரு மாய டிரைவை வைத்துக்கொள்ளும், யாரையும் உள்ளே விடாது. ஆஃபிஸை எடுத்தால் அதுவும் போகும்.

கேள்வி: 'ஜி' டிரைவ், ஃபேட்32 என்று இருக்கிறது. நான் அப்படி எதுவும் பிரிக்கவில்லை. இடம் வேண்டும் என்று உள்ளே இருந்ததை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்துங்கள்! அது கூகுள் டிரைவ் டெஸ்க்டாப் மென்பொருள் காட்டும் டிரைவ். அங்கே அழித்தால் கிளவுடிலும் போனிலும் சேர்ந்தே போகும். உடனே பிரவுசரில் கூகுள் டிரைவைத் திறந்து 'டிராஷ்' பகுதிக்குப் போங்கள். 30 நாள் வரை அங்கே இருக்கும், மீட்டுவிடலாம். டிரைவ் கண்ணில் படக்கூடாது என்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் ஐகானிலிருந்து அக்கவுன்ட்டைத் துண்டியுங்கள் அல்லது மென்பொருளை எடுங்கள்.

கேள்வி: ஆல்-இன்-ஒன் பிரிண்டரை இணைத்த பிறகு ஒரு காலி டிரைவ் வந்து நிற்கிறது.

பிரிண்டரில் மெமரி கார்டு போடும் ஓட்டை இருக்கும், அதுதான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பக்கத்தில் 'ஹைட் எம்ப்டி டிரைவ்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

கேள்வி: 'இன்வாய்ஸ்' என்று மெயிலில் வந்த இணைப்பைத் திறந்தேன். ஒரு டிவிடி டிரைவ் வந்தது, உள்ளே பிடிஎஃப் போல ஒரு ஐகான். அதையும் கிளிக் செய்துவிட்டேன். ஒன்றும் திறக்கவில்லை.

இந்த மொத்தக் கேள்விகளில் கவலைப்பட வேண்டியது இதுதான். இன்வாய்ஸை ஐஎஸ்ஓவாக அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் காரணம் கிடையாது. இணையத்திலிருந்து வந்த ஆஃபிஸ் ஃபைல்களின் மேக்ரோக்களை (ஃபைலுக்குள் இருக்கும் சிறு நிரல்கள்) 2022இல் மைக்ரோசாஃப்ட் தடுக்கத் தொடங்கியதும், மோசடிக்காரர்கள் ஐஎஸ்ஓவை அதிகம் பயன்படுத்தினார்கள். டவுன்லோட் செய்த ஃபைலுக்கு 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். அந்த முத்திரை ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ஃபைல்களுக்குப் போய்ச் சேராமல் இருந்தது, அதனால் எச்சரிக்கையும் வராது. அந்த ஓட்டையை 2022 நவம்பர் அப்டேட்டில் அடைத்தார்கள். அப்டேட் போடாத கம்ப்யூட்டரில் அது இன்னும் திறந்தே இருக்கிறது. நீங்கள் கிளிக் செய்தது பெரும்பாலும் பிடிஎஃப் ஐகான் மாட்டிய ஷார்ட்கட். 'ஒன்றும் திறக்கவில்லை' என்பதை ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதே நெட்டைத் துண்டியுங்கள். டிரைவை இஜெக்ட் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', கடைசியாக 'ஆஃப்லைன் ஸ்கேன்'. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே சோதிக்கும்; 15 நிமிடம் போல ஆகும். அது ஓடும்போது போனிலிருந்து மெயில், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இந்தக் கம்ப்யூட்டரிலேயே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடுபோகலாம். ஸ்கேனில் எதுவும் சிக்கினால், மற்ற கேள்விகளுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, உங்களுக்கு மட்டும் ஃபைல்களைப் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதையே சொல்வேன்.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்தால் சிடி டிரைவ் வருகிறதே?

வைஃபை டாங்கிள் கதைதான், போனுக்கான டிரைவர் உள்ளே இருக்கும். போனின் நோட்டிஃபிகேஷனில் யுஎஸ்பி அமைப்பை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: உபுண்டுவில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' அடித்தால் லூப்0, லூப்1 என்று பத்துக்கு மேல் வருகிறது. எல்லாமே 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது!

ஸ்னாப் (உபுண்டுவில் மென்பொருள் போடும் ஒரு முறை) வழியாகப் போட்ட மென்பொருள்கள் அவை. ஒவ்வொரு ஸ்னாப்பும் எழுத முடியாத, சுருக்கிய ஒரு இமேஜ் ஃபைல். அதை உபுண்டு ஒரு டிரைவாக ஏற்றிக்கொள்கிறது. எழுத முடியாத இமேஜில் காலி இடத்துக்கு வேலையில்லை, அதனால் எப்போதும் 100 சதவீதம்தான். 'எல்எஸ்பிஎல்கே -இ 7' என்று அடித்தால் அவற்றை விட்டுவிட்டு மற்ற டிஸ்குகளை மட்டும் காட்டும்.