மறதிநோய் உள்ள அம்மாவைக் காப்பகத்தில் சேர்த்தால் நன்றாக இருப்பாரா? குடும்பத்தினர் எதை வைத்து முடிவு செய்வது?

கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: இந்த விஷயத்தில் குடும்பத்தின் தீர்ப்பை அப்படியே நம்ப முடியாது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கோவையில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். அண்ணன் போனால் புடவை கசங்கியிருக்கிறதா, அறையில் மூத்திர வாடை அடிக்கிறதா என்று பார்ப்பான். அக்காவுக்கு ஒரே அளவுகோல், அம்மாவுக்குத் தன்னை அடையாளம் தெரிந்ததா என்பது. தெரியாத அன்று, "அங்க யாரும் சரியாவே கவனிக்கிறதில்ல" என்று எனக்கு ஃபோன் வரும். நோய் முற்றுவதற்கும் காப்பகத்தின் மேல்தான் பழி.

மறதிநோய் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க க்யூஓஎல்-ஏடி என்றொரு வினாப்பட்டியல் உண்டு. உடம்பு, மனநிலை, குடும்பம், பணம் என்று 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க். நோயாளியிடமும் கேட்பார்கள், வீட்டாரிடமும் தனியாகக் கேட்பார்கள். பெரும்பாலும் வீட்டார் போடுவதுதான் குறைவாக இருக்கும். அவர்கள் மனம் சோர்ந்திருந்தால் இன்னும் குறையும். நாம் பழைய அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு மார்க் போடுகிறோம். அவருக்கோ இன்றைக்குக் காபி சூடாக வந்ததா என்பதுதான் கணக்கு.

நான் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போவேன். பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும். அம்மாவும் "அடுப்புல பால் வெச்சிருக்கேன், வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து ஆட்டுவார். அங்கே வேலை செய்யும் ஒரு பெண், "பாலை எறக்கியாச்சுங்கம்மா, இந்தக் கீரைய மட்டும் ஆஞ்சு குடுத்துட்டுப் போங்க" என்று முருங்கைக்கீரைக் கட்டை மடியில் வைப்பார். பேரன் பெயர் மறந்துபோன அம்மா, ஒரு காம்பு விழாமல் உருவி முறத்தில் சேர்ப்பார். நான் மார்க் போடுவது இதற்குத்தான்.

முன்பு இருந்த இடத்தில் அதே ஐந்து மணிக்கு ஹாலில் சத்தமே இருக்காது. அண்ணனுக்கு அந்த அமைதி ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தால், மனநோய்க்குத் தரும் மாத்திரை! மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்திருக்கிறது. சிலருக்குத் தேவைப்படலாம்தான். ஆனால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்றும் கேளுங்கள். பகல் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.