கேள்வி – பதில்: புகைக்கு என்ன விலை?

கேள்வி: கரியமில வாயுவுக்கு அரசாங்கம் டன்னுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறதாமே, வெறும் புகைக்கு எப்படி அண்ணே விலை?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: புகைக்கு இல்லை தம்பி, அது செய்யும் சேதத்துக்கு. உங்கள் ஊர் வழியே செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ வாயு. டீசலுக்குக் காசு கொடுத்தாயிற்று, சரி, அந்த வாயு நூறு வருஷத்துக்கும் மேலாக வானத்தில் கிடந்து வெயிலையும் வெள்ளத்தையும் கூட்டுகிறதே, அந்தச் செலவு எந்த ரசீதில் இருக்கிறது? அதைத்தான் கணக்கில் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

கூத்து என்னவென்றால், இந்தச் சேதத்துக்கு அமெரிக்காவில் போட்ட விலை டிரம்பின் முதல் ஆட்சியில் டன்னுக்கு 1 முதல் 7 டாலர், 2021-இல் 51 டாலர், 2023-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்னது 190 டாலர். வாயு அதே வாயுதான்! டிரம்ப் காலத்தில் தங்கள் நாட்டுக்குள் நடக்கும் சேதத்தை மட்டும் எண்ணினார்கள், அப்புறம் உலகம் முழுவதையும் எண்ணினார்கள். இன்னொன்று வட்டிக் கணக்கு. ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் 1,000 வெள்ளி நட்டத்துக்கு, ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இன்றைய மதிப்பு 228 வெள்ளி, 7 விழுக்காடு வைத்தால் வெறும் 34. பேரப்பிள்ளை படப்போகும் பாட்டை இவ்வளவு மலிவாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

வரி வேறு விஷயம், அது வாயுவை வெளியிடுபவர்கள் நிஜமாகவே கட்டும் காசு. சிங்கப்பூர் 2019-இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளியில் தொடங்கி 2024-இல் 25 ஆக்கியது. நம் மலேசியாவில் இந்த வரியை இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளில் தொடங்குவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் லோரி இல்லை.