இண்டெக்ஸ் ஃபண்ட் கேள்வி-பதில்: ஒரு வருட வருமானத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

இரண்டு நிஃப்டி 50 ஃபண்டுகளை இலவசத் தளம் ஒன்றில் ஒப்பிட்டேன். ஒன்றின் செலவு விகிதம் 0.18 சதவீதம், இன்னொன்றில் 0.25. குறைவானதை எடுத்தால் போதுமா? (நங்கநல்லூர்)

போதாது. செலவு குறைவாக இருந்தும், தான் நகலெடுக்கும் இண்டெக்ஸைவிட (நிஃப்டி 50 போன்ற பங்குப் பட்டியல்) அதிகமாகப் பின்தங்கும் ஃபண்டுகள் உண்டு. டிராக்கிங் டிஃபரென்ஸை, அதாவது இண்டெக்ஸின் வருமானத்துக்கும் ஃபண்டின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் மூன்று, ஐந்து வருடக் கணக்கையும் பாருங்கள். அப்புறம், ஒப்பிட்ட இரண்டுமே டைரக்ட் பிளான்தானா (இடைத்தரகர் கமிஷன் இல்லாதது)?

ஃபண்டுகளை வடிகட்டித் தரும் ஸ்கிரீனர் தளத்தில் 'இண்டெக்ஸ் ஃபண்ட்' என்று வடிகட்டி, ஒரு வருட வருமானப்படி அடுக்கி, மேலே இருந்த மூன்றில் மாதம் 5,000 வீதம் எஸ்.ஐ.பி. போட்டுவிட்டேன். சரியா? (அம்பத்தூர்)

எந்த மூன்று என்று எழுதவில்லை. எந்த இண்டெக்ஸ் என்றாவது எழுதியிருக்கலாம். இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, இதே குறையோடு.

அந்த வடிகட்டியில் நிஃப்டி 50, நெக்ஸ்ட் 50, மிட்கேப் 150, ஸ்மால்கேப் 250, மொமென்டம், பொதுத்துறை வங்கி என எல்லாம் ஒன்றாக வந்து விழும். சில தளங்களில் கடன் பத்திர இண்டெக்ஸ்கூட அதே பட்டியலில் இருக்கும். அதை ஒரு வருட வருமானப்படி அடுக்கினால் மேலே நிற்பது போன வருடம் ஓடிய இண்டெக்ஸ். ஃபண்டை நடத்துபவரின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தளத்தைத் திறந்ததும் அந்த ஒரு வருட வருமானக் கட்டத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். பக்கத்தில் நட்சத்திரங்கள் வேறு. ஒரே இண்டெக்ஸை அப்படியே நகலெடுக்கும் ஃபண்டுகளுக்கு எதற்கய்யா நட்சத்திரம்?

முதலில் இண்டெக்ஸை முடிவு செய்யுங்கள். முதல் ஃபண்ட் என்றால் நிஃப்டி 50 போதும். பிறகு அந்த இண்டெக்ஸ், டைரக்ட், குரோத் (லாபத்தைப் பிரித்துத் தராமல் உள்ளேயே வைக்கும் வகை) என்று மட்டும் வடிகட்டுங்கள். மிஞ்சும் ஃபண்டுகளின் வருமான வித்தியாசம் பெரும்பாலும் தசமப் புள்ளிக்குப் பிறகுதான் இருக்கும். அங்கேதான் டிராக்கிங் டிஃபரென்ஸ், செலவு, ஃபண்டின் அளவு எல்லாம் உங்களுக்கு உதவும். போட்ட பணத்தைப் பதறி எடுக்காதீர்கள்: பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. எஸ்.ஐ.பி.-யை மட்டும் நிறுத்திவிட்டு, எதை வாங்கியிருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து படியுங்கள்.

என் நிஃப்டி ஃபண்ட் ஐந்து வருடமாக நிஃப்டியை ஒரு சதவீதம் முந்தியிருக்கிறது. தளத்தின் வரைபடமே காட்டுகிறது. எப்படி? (மடிப்பாக்கம்)

முந்தவில்லை. டிவிடெண்ட் சேர்க்காத இண்டெக்ஸோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நிஃப்டி நிறுவனங்கள் வருடத்துக்கு ஒன்றேகால் சதவீதம் போல டிவிடெண்ட் தருகின்றன. அது உங்கள் ஃபண்டுக்குள் வந்து சேர்கிறது, வரைபடத்தில் இருக்கும் இண்டெக்ஸில் சேர்வதில்லை. ஒப்பிட வேண்டியது டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இண்டெக்ஸான டி.ஆர்.ஐ.-யோடு. செபி 2018-லேயே ஃபண்ட் நிறுவனங்களை டி.ஆர்.ஐ.-க்கு மாற வைத்துவிட்டது. நிஃப்டி இண்டிசஸ் தளத்தின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இரண்டு கணக்குமே இருக்கும். அதில் பார்த்தால் உங்கள் ஃபண்ட் கொஞ்சம் பின்னால்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும்.

புது இண்டெக்ஸ் ஃபண்ட், என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் விலை) 10 ரூபாய். மலிவுதானே? (ஊர், பெயர் இல்லை)

இல்லை.

நிஃப்டி 50 ஒன்று, சென்செக்ஸ் ஒன்று என்று பிரித்துப் போடலாமா? (பெரம்பூர்)

வீண் வேலை. சென்செக்ஸின் 30 பங்குகளும் ஏறத்தாழ நிஃப்டி 50-க்குள்ளேயே இருப்பவை.

அப்பா வங்கி மூலம் ஆறு வருடத்துக்கு முன் ஆரம்பித்த நிஃப்டி ஃபண்ட், ரெகுலர் பிளான். டைரக்டுக்கு மாற்றினால் வரி உண்டா? (தாம்பரம்)

உண்டு. ஒரே ஃபண்டுக்குள் மாற்றினாலும் விற்றதாகத்தான் கணக்கு. ஒரு வருடம் தாண்டிய யூனிட்களின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அப்பாவின் மற்ற பங்குகள், பங்கு ஃபண்டுகளின் நீண்டகால லாபமும் அதே 1.25 லட்சத்துக்குள்தான். எம்.எஃப். சென்ட்ரல் தளத்தில் விரிவான சி.ஏ.எஸ். (எல்லா ஃபண்டுகளுக்கும் சேர்த்த கணக்கு அறிக்கை) எடுத்து லாபம் எவ்வளவு என்று பாருங்கள். பெரிதாக இருந்தால், இரண்டு நிதியாண்டுகளில் விழும்படி மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று மாற்றலாம். அதுவரை காத்திருக்காமல், ரெகுலரில் ஓடும் எஸ்.ஐ.பி.-யை நிறுத்திவிட்டு அதே தொகையை டைரக்டில் தொடங்கிவிடுங்கள். அதற்கு வரி கிடையாது.