காரில் அழைத்துப் போக வருகிறேன் என்கிறார், போகலாமா?

கேள்வி: டேட்டிங் ஆப்பில் அறிமுகமானவருடன் மூன்று வாரமாகப் பேசுகிறேன். ஞாயிறு மாலை தன் காரில் ஹாஸ்டலுக்கே வந்து அழைத்துப் போவதாகச் சொல்கிறார். போகலாமா? – 26 வயது வாசகி, சென்னை

பதில்: சந்திக்கப் போகலாம். அவர் காரில் வேண்டாம்.

காரில் ஏறினால் நீங்கள் தங்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வருவதும் அவர் கைக்குப் போய்விடும். பிடிக்கவில்லை என்று நாளை பிளாக் செய்யலாம், ஆனால் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பவரை பிளாக் செய்ய முடியாது. மெட்ரோவிலோ ஆட்டோவிலோ நீங்களாகப் போய், நீங்களாகத் திரும்புங்கள்.

ஞாயிறுக்கு முன் பத்து நிமிடமாவது வீடியோ காலில் பேசிவிடுங்கள். கேமரா ரிப்பேர் என்று இரண்டு முறை தட்டிக்கழித்தால் சந்திப்பே வேண்டாம். அவருடைய படங்களை கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். அதே முகம் வேறு பெயரில் வந்தால் பேச்சை நிறுத்துங்கள். அதுவரை உரையாடல் ஆப்பிலேயே இருக்கட்டும். போன் நம்பர் கொடுத்தால் ட்ரூகாலரில் உங்கள் பெயரைத் தேடி எடுக்கலாம். பில்லைப் பங்கு போட ஜிபே செய்தால், வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அவருக்குத் தெரியும். உங்கள் பங்கைக் கடைக்கே நேராகக் கட்டுங்கள்.

இடத்தை நீங்கள் சொல்லுங்கள். 'இந்த கிளப்புக்குத்தான் வர வேண்டும்' என்று வரவழைத்து, ஆர்டர் செய்துவிட்டு நழுவி, பல்லாயிரம் ரூபாய் பில்லை மிரட்டி வசூலிக்கும் கும்பல்கள் டெல்லி, மும்பை, ஹைதராபாத்தில் பிடிபட்டிருக்கின்றன. அதில் அதிகம் சிக்கியவர்கள் ஆண்கள். பகல் நேரம், கூட்டமுள்ள காபி கடை, ஒரு மணி நேரம்: முதல் நாளுக்கு இது போதும்.

கிளம்புமுன் ஒரு தோழிக்கு அவருடைய பெயர், புரொஃபைல் ஸ்கிரீன்ஷாட், கடையின் பெயர், கடையின் போன் நம்பர் எல்லாம் அனுப்புங்கள். வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷனில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு இருக்கும். 8 மணி நேரத்தையே தேர்ந்தெடுங்கள், 1 மணி நேரம் என்றால் பேச்சு நீளும்போது பாதியில் நின்றுவிடும். குறித்த நேரத்தில் தோழி அழைக்கட்டும். இரண்டு முறை எடுக்காவிட்டால் கடைக்குப் பேச வேண்டும், அங்கும் தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 112.

எழுந்து போய்த் திரும்பினால் மிச்சம் வைத்த பானத்தைத் தொடாதீர்கள், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். திடீரெனத் தலை சுற்றினால் கடை ஊழியரிடம் சொல்லுங்கள். 'நானே வீட்டில் விட்டுவிடுகிறேன்' என்று அவர் சொல்வதற்கு அந்த நிலையில் ஒப்புக்கொள்ளவே கூடாது.

பணம் கேட்டால், காரணம் எதுவானாலும் கொடுக்காதீர்கள். 'பரிசுப் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது' என்பது பழைய வலை. கஸ்டம்ஸ் துறை தனிநபர் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதமானால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும். படத்தை வைத்து மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள். அன்மேட்ச் செய்தால், அதாவது ஆப்பில் அவருடனான இணைப்பைத் துண்டித்தால், பல ஆப்களில் உரையாடலே மறைந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார். பெண்கள் அங்கே பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

இன்றே அவருக்கு, 'நானே வந்துவிடுகிறேன், நாலு மணிக்கு இந்தக் கடையில் பார்க்கலாம்' என்று அனுப்புங்கள். 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கோபமாகப் பதில் வந்தால் ஞாயிறு சந்திப்பை ரத்து செய்துவிடுங்கள்.