சொல்லிக் கொடுக்கும்போது நிறைவது: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்; ஆனாலும் நால்வரும் கல்வியையும் வழிகாட்டுதலையும் பற்றியே கேட்டிருப்பதால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் பாடம் சொன்னவள் என்ற உரிமையில், அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களைத் தவிர்த்து, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் ஏற்காட்டை அடுத்த ஒரு மலைக்கிராமத்துப் பெண். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, இப்போது சேலத்தில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். விடுதியில் சேர்ந்த புதிதில் "நீ மலையாளியா? அப்படியானால் மலையாளம் பேசிக் காட்டு" என்று ஒருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "ஏற்காடு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு என்னை வகுப்புப் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். எழுந்து நின்றால் குரல் நடுங்குகிறது. என்னைப் போன்றவளுக்குத் தலைமைப் பண்பு வருமா? அதற்குப் பயிற்சி வகுப்பு ஏதேனும் உண்டா?
— ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: மகளே, குரலைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். மலையை ஆள்பவர் மலையாளி. கேரளத்து மொழிக்கும் உங்கள் சமூகத்தின் பெயருக்கும் தொடர்பில்லை. உங்கள் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் மூத்தவர் வழியினர் சேர்வராயனிலும், மற்ற இருவர் வழியினர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாக உங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பாட்டி இருந்தால் கேட்டுப் பார். நான் சொல்வதைவிட விரிவாகச் சொல்வார். அரசின் பழங்குடியினர் பட்டியலிலும் இதே பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெண் அறியாமல் கேட்டாள். மற்றவர்களும் அறியாமல் சிரித்தார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கடமை உனக்கு இல்லை. ஆனால் ஒரே ஒரு சொல் வாயிலிருந்து நழுவிவிடக் கூடாதே என்று பகலெல்லாம் காவல் காப்பவளுக்கு, எழுந்து நின்று பேச வேண்டிய நேரத்தில் குரல் எப்படித் தெளிவாக வரும்? உன் நடுக்கத்தில் பாதி அந்தக் காவலின் களைப்பு என்றே நான் நினைக்கிறேன். நம்பிக்கைக்குரிய ஒரு தோழியிடம் உன் ஊரையும், உன் வீட்டில் விளையும் சாமையையும், சேர்வராயன் கோவில் திருவிழாவையும் பற்றி ஒரு நாள் முழுதாகச் சொல். அடுத்தவரிடம் சொல்வது இன்னும் எளிதாக இருக்கும்.

இனித் தலைமைப் பண்பு. சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால மாலை ஒன்றில், நாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நடந்த மாலை வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். பேருந்து வராததால் பாடம் சொல்ல வேண்டிய தன்னார்வலர் வரவில்லை. பிள்ளைகள் கலைந்து போயிருப்பார்கள் என்று எண்ணிய எனக்கு, திண்ணையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. நாற்பத்திரண்டில் பதினேழு போக எவ்வளவு என்பது கணக்கு. காலித் தீப்பெட்டி நான்கில் பத்துப் பத்தாகக் காப்பிக்கொட்டையைப் போட்டு, இரண்டு கொட்டையைத் தனியே வைத்திருந்தாள். "ரெண்டுல ஏழு போவுமா? போவாதில்ல? பக்கத்து வீட்டுல ஒரு பொட்டிய வாங்கியா" என்றாள். அவன் ஒரு பெட்டியைத் திறந்து கொட்டினான், பன்னிரண்டானது, ஏழை எண்ணி ஒதுக்கினான், ஐந்து நின்றது. மீதிப் பெட்டி மூன்றில் ஒன்றைத் தள்ளினான். இருபத்தைந்து. அதோடு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியைக் காட்டி, "இப்ப நீ அவளுக்குச் சொல்லு" என்றாள்.

பிறகு பெயர் கேட்டபோது அந்தப் பெண் தலைகுனிந்தபடி முணுமுணுத்தாள். எனக்குக் காதில் விழவில்லை. சற்று முன்பு திண்ணை முழுதும் கேட்ட குரல் அது. அவள் கண் அந்தப் பையனின் கொட்டைகள்மேல் இருந்த நேரத்தில் தன் குரலைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. உன் கேள்விக்கு நான் அறிந்த விடை இதுதான்: பிறருடைய ஒரு தேவை உன் பொறுப்பில் வரும்போது தலைமை வருகிறது. நம் இலக்கணப் பெரியோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கல்வி கால் பங்குதான் கைவரும், உடன் படிப்போரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும், எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறையும் என்கிறது பவணந்தியாரின் நன்னூல். பாதிக் கல்வி கேட்பவரிடம்தான் இருக்கிறது என்ற கணக்கை நான் வேலைக்கு வந்து பத்தாண்டு கழித்துத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

ஆகவே பயிற்சி வகுப்பைத் தேடாதே. உன் வகுப்பில் கணக்கில் தடுமாறும் இரண்டு பேரோடு வாரத்தில் இரண்டு மாலை உட்கார். அடுத்த முறை துறைத் தலைவரைப் பார்க்கப் போகும்போது, மற்றவர் படும் ஒரு சிரமத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவியருக்கு மாலை வகுப்பு முடியும் நேரம் ஒத்துவருகிறதா என்பது போன்ற ஒன்றாக இருந்தால் போதும். உனக்காகப் பேசும்போது நடுங்கும் குரல், அவர்களுக்காகப் பேசும்போது எவ்வளவு அடங்குகிறது என்று பார். விடுமுறையில் ஊருக்குப் போனால், நீ படித்த பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களோடு இரண்டு நாள் செலவிடு. சாதிச் சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் எப்போது, எங்கே வாங்குவது, கல்லூரி விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் சேர்வது எப்படி என்பதையெல்லாம் அந்த வழியில் நடந்து வந்த நீ சொல்வதுபோல் வேறு யாரும் சொல்ல முடியாது. விடுதியில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்.

கேள்வி: எங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்குபவரே வகுப்புத் தலைவர் என்பது எழுதாத சட்டம். இதை மாற்ற விரும்புகிறேன். சரியா?
— ஓர் இளம் ஆசிரியர், வாழப்பாடி

பதில்: சரிதான், ஆளை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள், வேலையையும் மாற்றுங்கள். திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே நம்மிடம் சட்டாம்பிள்ளை இருந்தார். மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும், அவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் இங்கே வழக்கம். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இம்மண்ணின் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையாக அது வளர்ந்து, சென்னை முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போனது. அந்த ஏற்பாட்டின் உயிர் கற்பிப்பதில் இருந்தது. ஆனால் சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது. நாம் பிரம்பின் நிழலை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆசிரியர் இல்லாதபோது பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் பிள்ளை கற்றுக்கொள்வது காட்டிக்கொடுப்பதை. அதற்குத் தலைமை என்று பெயர் வைப்பது தவறு.

சாரணர் அணிகளில் ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு சிறு குழுவாக, தமக்குள் ஒருவரைத் தலைவராகக் கொண்டு இயங்குவார்கள். அதையே வகுப்பில் செய்து பாருங்கள். வராத பிள்ளைக்குப் பாடக் குறிப்பு கொண்டு போய்க் கொடுப்பது ஒரு குழு, நூலகப் புத்தகம் ஒரு குழு, செடிகள் ஒரு குழு; மாதந்தோறும் பொறுப்பாளர் மாறட்டும். கடைசி வரிசைப் பையன் ஒருவன் நூலகப் பதிவேட்டை ஒரு பிழையும் இல்லாமல் வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆண்டுதான் அவன் பள்ளிக்கு நாள் தவறாமல் வந்தான்.

கேள்வி: நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகன் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்துகொண்டு, ஏரி சுத்தம் செய்வது, முகாம் போவது என்று அலைகிறான். படிப்புக் கெட்டுவிடாதா? ஊருக்கு உழைத்து அவனுக்கு என்ன கிடைக்கும்?
— ஒரு தந்தை, செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஐயா, முதலில் நேரத்தைக் கணக்கிடுவோம். காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும். 120 மணி என்பது வாரத்துக்கு இரண்டரை மணிக்கும் குறைவு. அதில் படிப்புக் கெடாது. தேர்வு நேரத்தில் முகாம் வைத்தால் மட்டும் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு உங்கள் பட்டறையிலேயே விடை இருக்கிறது. தொழில் பழக வந்த நாளில் உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? கண்ணி கோக்கவும், சிதறிய வெள்ளித் துகளைக் கூட்டிச் சேர்க்கவும் விட்டிருப்பார்கள். பற்றவைக்க நெருப்பை உங்கள் கையில் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு கணம் கூடுதலாகக் காட்டினால் கம்பி உருகிப் போகும் என்று தெரிந்தும், பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒன்றிரண்டு வீணாகட்டும் என்று விட்டவர் உங்கள் குரு. நல்ல வழிகாட்டுதல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முகாம் உங்கள் மகனுக்கு அப்படிப்பட்ட இடம். ஐம்பது பேருக்கு அரிசி எவ்வளவு, குடிநீர் எங்கிருந்து வரும், "எங்க ஊருக்கு வந்து எங்களுக்கே சொல்றீங்களா" என்று முகம் சுளிக்கும் பெரியவரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றையெல்லாம் அங்கே அவன் தவறு செய்து பழகலாம். அந்தத் தவறின் விலை சிறியது. நாளை உங்கள் பட்டறையையோ வேறொரு நிறுவனத்தையோ நடத்தும்போது அதே தவறு பெரிய விலை கேட்கும்.

துடைப்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துபோகும் முகாம்களும் உண்டு. அவற்றில் எனக்கு மரியாதை இல்லை. உங்கள் மகன் போவது எந்த வகை என்பதை அறிய, திரும்பி வந்ததும் எதைச் சுத்தம் செய்தாய் என்று கேட்காமல், அந்த ஊரில் யாரோடு பேசினாய், எது சரிப்படவில்லை, மறுபடி போனால் எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். விடை வந்தால் அடுத்த முகாமுக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டு ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இளைஞர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்ற ஆசையில், அருகிலுள்ள அரசுப் பள்ளியில் அனுமதி பெற்று என் அனுபவங்களை ஒரு மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. நான் எங்கே தவறினேன்?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: ஐயா, நீங்கள் போனதே நல்ல செயல், இன்னும் ஒரு பிள்ளையைக்கூட நீங்கள் கேட்டு அறியவில்லை என்பதுதான் குறை. உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது உ.வே.சாமிநாதையர், அங்கே முன்சீபாக, அதாவது கீழமை நீதிமன்ற நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று ஐயர் நீளமாக அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட மாணவருக்கு அவை எட்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வியோடு முதலியார் நின்றுவிட்டிருந்தால் அது வெறும் மட்டம் தட்டலாகப் போயிருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். கூடவே அமர்ந்து பாடம் கேட்டார். ஏழாண்டு கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சேறியது. ஐயர் தம் வாழ்நாள் முழுதையும் பழந்தமிழ் நூல்களுக்குக் கொடுத்தார். ஐயரைவிட அதிகம் கற்றவர் என்பதால் முதலியார் வழிகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான கேள்வியும், கொடுப்பதற்கு ஒரு பிரதியும், உடன் உட்கார நேரமும் அவரிடம் இருந்தன.

உங்களிடமும் அவை உண்டு. நூறு பேருக்குப் பேசுவதை விட்டு, தலைமையாசிரியரிடம் சொல்லி இரண்டு பிள்ளைகளோடு தொடங்குங்கள். பள்ளி வளாகத்திலேயே, ஆசிரியர்கள் பார்க்கும் இடத்தில், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையானாலும் வீட்டில் விசேஷமானாலும் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். வருகிறேன் என்று சொல்லி வராமல் போன பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஆலையில் நீங்கள் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றைக் கொண்டு போய் அவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லும் வேளை, அவர்கள் கேட்கும்போது மட்டும் வரட்டும். முதல் நாளில், இந்த வாரம் வகுப்பில் எது புரியாமல் போயிற்று என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "எல்லாம் புரிஞ்சுது சார்" என்றுதான் முதல் இரண்டு மூன்று வாரம் விடை வரும். நான்காவது வாரம் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.