களிமண்ணில் நான் செய்யும் மனித உருவம் ஏன் விறைப்பான பொம்மையாகவே வருகிறது?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: சிற்ப வகுப்புக்காக, நிற்கும் மாடலைப் பார்த்து இரண்டடி உயரத்தில் களிமண் உருவம் செய்கிறீர்கள். முன்னாலிருந்து பார்த்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் பார்த்தால் சாய்ந்து விழப்போகிற மாதிரி இருக்கிறது. முகத்தில் எவ்வளவு வேலை செய்தாலும் உயிர் வரவில்லை. ஒப்படைக்கும் நாள் வேறு நெருங்குகிறது.

நானும் இதே பாடத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவன்தான். முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிரச்சினை இடுப்பில் இருக்கிறது.

மனிதர்கள் பெரும்பாலும் இரண்டு காலிலும் சமமாக எடையைப் போட்டு நிற்பதில்லை. ஒரு காலில் எடை இறங்கும், மற்றது சும்மா துணைக்கு நிற்கும். எடை தாங்கும் பக்கத்து இடுப்பெலும்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கும், நடுவில் முதுகெலும்பு வளைந்து இரண்டையும் சமாளிக்கும். பழைய கிரேக்கச் சிலைகளில் இளைஞர்கள் ஒரு காலை முன்னே வைத்திருந்தாலும் இடுப்பு மட்டமாகவே இருக்கும், அதனால்தான் அவை விறைத்து நிற்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாலிகிளீட்டஸ் என்ற கிரேக்கச் சிற்பி செய்த ஈட்டி வீரன் சிலையில் எடை முழுக்க ஒரு காலுக்குப் போய்விட்டது, உடம்பு தளர்ந்து நிற்கிறது. நாம் என்ன செய்கிறோம் என்றால், முதலில் மட்டமான இடுப்போடு நேரான உருவத்தைச் செய்துவிட்டு, அப்புறம் ஒரு முழங்காலை மட்டும் மடக்குகிறோம். பொம்மை அங்கேதான் பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். நூலைக் கையில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாடலின் தொண்டைக் குழிக்கு நேராகத் தொங்கவிடுங்கள். எடை ஒரு காலில் இருந்தால் நூல் அந்தக் காலின் உள்கணுக்காலை ஒட்டி இறங்கும். இப்போது அதே கோணத்திலிருந்து உங்கள் உருவத்துக்கும் பிடித்துப் பாருங்கள். நூல் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறங்கினால், மேலே எவ்வளவு மண் அப்பினாலும் தேறாது. உள்ளே மண்ணைத் தாங்கும் கம்பிக்கூடு, அதாவது ஆர்மேச்சரே தவறான இடத்தில் நிற்கிறது.

இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் பிரித்துப் போடத் தோன்றும். வேண்டாம். பக்கத்து ஸ்டாண்டில் வேலை செய்த தோழிக்கு இதே நிலைமை வந்தது. மேலுடம்பு அழகாக வந்திருந்தது, தோளில் எலும்பின் மேடு கூடத் தெரிந்தது. ஆசிரியர் நூலைப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணுக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் மண்ணைச் சுரண்டிக் கம்பியை வெளியே எடுத்தார். இரண்டு கையாலும் காலைப் பிடித்து, பாதத்தை உடம்புக்கு அடியில் வரும்படி இரண்டு விரல் அகலம் உள்ளே தள்ளினார். அந்தப் பக்கத்து இடுப்பின் மேல் விளிம்பில் ஒரு பிடி மண்ணை வைத்து அழுத்தினார். தலையையும் தோளையும் தொடவே இல்லை. தோழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் உருவம் நின்றுவிட்டது.

உருவத்தைப் பின்னாலிருந்து ஓர் இரும்புத் தண்டு இடுப்பில் தாங்கிக்கொண்டிருந்ததால்தான் இது நடந்தது. எடையெல்லாம் தண்டில், காலுக்குள் வளைகிற அலுமினியக் கம்பி மட்டும். ஆகவே பாதத்துக் கம்பியைப் பலகையில் ஆணி அடித்துப் பூட்டாதீர்கள். சாதாரண இரும்புக் கம்பியும் வேண்டாம், ஈர மண்ணுக்குள் துருப்பிடித்துக் கறை விடும். உடம்புப் பகுதியில் மண் வழுக்கி இறங்குகிறது என்றால், சின்ன மரத்துண்டுகள் இரண்டைக் குறுக்காகக் கட்டிக் கம்பியில் தொங்கவிடுங்கள். பட்டர்ஃபிளை என்பார்கள். மண் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆர்மேச்சர் விஷயத்தில் மனம் உடைய வேண்டாம். 1881இல் பிரெஞ்சுக் கலைஞர் டெகா காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனக்காரி மெழுகுச் சிலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கம்பியோடு கம்பியாகப் பழைய ஓவியத் தூரிகைகளும் உள்ளே இருந்தன. கையில் கிடைத்ததைச் செருகியிருக்கிறார். 1917இல் அவர் இறந்தபிறகு ஸ்டுடியோவில் கிடைத்த மெழுகு, களிமண் உருவங்களில் பல நொறுங்கிக் கிடந்தன. அவருக்கே அப்படி.

அடுத்தது, ஒரே இடத்தில் நின்று வேலை செய்வது. முன்பக்கம் நன்றாக வந்து பக்கவாட்டு கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். ஸ்டாண்டைக் கொஞ்சம் திருப்புங்கள், மாடலின் மேடையையும் அதே அளவு திருப்பச் சொல்லுங்கள், வெளிக்கோட்டை மட்டும் ஒப்பிட்டுத் திருத்துங்கள், மறுபடி திருப்புங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இப்படித்தான், ஒவ்வொரு கோணத்தின் வெளிக்கோடாகப் பிடித்துக்கொண்டு போனார். 1877இல் அவருடைய ‘வெண்கல யுகம்’ சிலையைப் பார்த்தவர்கள், உயிருள்ள மனிதன் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். மாடலின் புகைப்படங்களைக் காட்டித் தன் பெயரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. நமக்கு அந்தத் தொல்லை வராது, கவலை வேண்டாம். ஸ்டூல் மீது ஏறி மேலிருந்தும் ஒருமுறை பாருங்கள். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பியிருப்பது அங்கிருந்துதான் பளிச்சென்று தெரியும்.

மாடல் அசைகிறார் என்ற புலம்பல் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர் கல் இல்லையே. போஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இடுப்பு இன்னும் சரியும், தோள் தொங்கும், தலை கொஞ்சம் முன்னே வரும். இடைவேளைக்குப் பிறகு மறுபடி நிமிர்ந்து நிற்பார். நிமிர்ந்ததைச் செய்வதா, சரிந்ததைச் செய்வதா? என்னைக் கேட்டால் சரிந்ததைத்தான். ஒவ்வொரு முறையும் உடம்பு அங்கேதான் போய்ச் சேரும், எடை எங்கே இறங்குகிறது என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரியும். பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைக்க மறக்காதீர்கள்.

அளவுகளை காலிப்பரால், அதாவது இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பிடிக்கும் கவைக் கருவியால், எடுங்கள். உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை, பாதி உயரம் இடுப்புக்குக் கீழே கால் பிரிகிற இடத்துக்கு அருகில், கண்கள் தலையின் நடுவில். பெரும்பாலோர் செய்யும் தலை பெரிதாகிவிடும், ஏனென்றால் அதன்மேல்தான் மண் ஏறிக்கொண்டே இருக்கிறது.

விரல்களைக் கடைசிவரை பிரிக்க வேண்டாம். கையுறை போட்ட மாதிரி ஒரே திரளாக வைத்து, மணிக்கட்டின் திருப்பம் சரியா என்று மட்டும் பாருங்கள். மெல்லிய பகுதிகள்தான் முதலில் காயும். விரல், காது, கணுக்கால் மூன்றுக்கும் வகுப்பு முடிந்ததும் தண்ணீர் தெளித்து, முழு உருவத்தையும் பிளாஸ்டிக் உறையால் மூடி அடியில் இறுக்கிக் கட்டுங்கள். சொட்டச் சொட்ட நனைத்த துணியை நேரடியாகச் சுற்றினால் மேற்பரப்பு குழைந்துவிடும்.

நேரம் போதாவிட்டால் முகம், கை, பாதம் மூன்றையும் நுணுக்கம் இல்லாமல் பெரிய தட்டையான பரப்புகளோடு நிறுத்திவிட்டு, மிச்ச நேரத்தை இடுப்புக்கும் முதுகுக்கும் கொடுங்கள். உருவத்தைச் சுட வேண்டுமா, பிளாஸ்டரில் அச்சு எடுக்க வேண்டுமா என்பதை ஆசிரியரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஆர்மேச்சர் உள்ளே இருக்கும் உருவம் சூளைக்கு ஆகாது. காயும்போதே மண் சுருங்கும், கம்பி சுருங்காது, வெடிப்பு விழும். சூளையின் வெப்பம் சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்குப் போகும், அலுமினியமோ 660இலேயே உருகிவிடும். சுடத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டால், உருவத்தை அறுத்து, கம்பியை எடுத்து, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். அதற்கு மண் பாதி காய்ந்து இறுகியிருக்க வேண்டும், ஆகவே ஒப்படைக்கும் நாளிலிருந்து சில நாட்களைக் கழித்தே கணக்குப் போடுங்கள்.